தனியாளாக ஒரு மான் வேட்டைப் பயணம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுடுவது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். அமெரிக்காவில் அது, மாநில அரசு எண்ணிக்கையை வரையறுத்து விற்கும் உரிமை. அந்த உரிமையை வாங்கிக்கொண்டு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கிழக்கு, மத்திய மாநிலங்களிலிருந்து பலர் மேற்கே வண்டி ஓட்டுகிறார்கள். சிலர் தனியாகவே போகிறார்கள். அவர்கள் போகும் இடங்களில் ஒன்று வயோமிங். தேடுவது, பெரிய காதுகளும் கறுப்பு நுனி வாலும் கொண்ட மியூல் மானை.

தனியாகப் போகிறவருக்கு ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மான் விழுந்தால், கறி கெடுவதற்குள் ஒரே ஆளாக அதை வண்டிவரை சுமந்துவர முடியுமா? லைசென்ஸ், வரைபடம், நடக்கும் தூரம் எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டியே அமைகின்றன.

லைசென்ஸ் குலுக்கல்

வெளிமாநிலத்தார் வயோமிங்கில் மான் லைசென்ஸைக் கடையில் கேட்டு வாங்கிவிட முடியாது. கோடைத் தொடக்கத்துக்குள் விண்ணப்பித்துக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். சீட்டு விழாதவர்கள் ஆண்டுதோறும் முன்னுரிமைப் புள்ளி சேர்க்கலாம். புள்ளி கூடினால் வாய்ப்பும் கூடும். 1966 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றும் வைத்திருக்க வேண்டும்.

தனியாளைத் தடுக்கும் விதி ஒன்றும் உண்டு. மத்திய அரசு ‘வனாந்தரம்’ என்று அறிவித்த பகுதிகளில் வெளிமாநிலத்தார் மான் போன்ற பெரிய விலங்குகளைத் தனியாக வேட்டையாடக் கூடாது. உரிமம் பெற்ற வழிகாட்டியோ, இலவச அனுமதி பெற்ற உள்ளூர்க்காரரோ கூடவே இருக்க வேண்டும். அதே மலையில் தனியாக நடக்கவும் கூடாரம் போடவும் தடையில்லை. ஆகவே வரைபடத்தில் முதலில் கழித்துவிட வேண்டியவை இந்த வனாந்தரப் பகுதிகள்.

யாருடைய நிலம்?

மிச்சமிருப்பதில் பெரும்பரப்பு பொது நிலம்தான். தேசிய வனங்களும், நில மேலாண்மைத் துறையின் புல்வெளிகளும் வேட்டைக்குத் திறந்தவை. பெரும்பாலான இடங்களில் 14 நாள்வரை கட்டணமில்லாமல் முகாமிடலாம்.

தெற்கு வயோமிங்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1860களில் ரயில்பாதை போடுவதற்காக ஒரு சதுர மைல் கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக ரயில் கம்பெனிக்கு அரசு வழங்கியது. நிலம் சதுரங்கப் பலகைபோல் ஆனது. இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. அந்த மூலையைத் தாண்டும்போது உடம்பு தனியார் நிலத்தின் வான்வெளியில் ஒரு நொடி இருக்கும். அது அத்துமீறலா?

2021இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் எல்க் மலை அருகே ஏணி வைத்து இப்படித் தாண்டினார்கள். அத்துமீறல் வழக்கில் அடுத்த ஆண்டு ஜூரிகள் அவர்களை விடுவித்தனர். நில உரிமையாளர் தொடுத்த உரிமையியல் வழக்கிலும் 2025 மார்ச்சில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. வயோமிங் அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருகிறது. பக்கத்து மான்டானா வரவில்லை. இத்தகைய இடங்களில் சில அடி தவறினாலும் வழக்கு வரலாம் என்பதால், நில எல்லையைக் காட்டும் கைபேசிச் செயலி இல்லாமல் பலர் இறங்குவதில்லை.

வேவு பார்க்கும் பயணம்

சீட்டு விழுந்ததும் பலர் ஆகஸ்டில் ஒருமுறை இடத்தைப் பார்த்து வருவார்கள். அப்போது கடாக்கள் (ஆண் மான்கள்) மரவரம்புக்கு மேலே, கொம்பில் மெல்லிய தோல் போர்த்தபடி வெட்டவெளியில் மேயும். செப்டம்பர்த் தொடக்கத்தில் அந்தத் தோல் உரிந்ததும் மறைவுக்குள் போய்விடும். பிறகு பனி விழுந்தால் இடமே மாறும். வயோமிங்கின் செம்பாலைவனத்திலிருந்து ஹோபேக் பள்ளத்தாக்குவரை மியூல் மான்கள் போய்வரும் வலசைப் பாதை ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நீளம்.

ஆகவே ஆகஸ்டில் பார்த்த கடாவை அக்டோபரில் அதே சரிவில் எதிர்பார்க்கக் கூடாது. அந்தப் பயணத்தின் பயன் வேறு. எந்த மண்பாதையில் வண்டி ஏறும், எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்த மேட்டில் உட்கார்ந்தால் எதிர்ச்சரிவு முழுதும் தெரியும், அங்கிருந்து வண்டிக்குத் திரும்பும் வழியில் ஏற்றமா இறக்கமா என்று நேரில் அறிவதற்குத்தான் அது. வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டராகத் தெரியும் தூரம், நடுவே ஓர் ஆழமான ஓடை இருந்தால் அரைநாள் ஆகிவிடும்.

சாலையில்

மிசௌரியிலிருந்து வருகிறவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வழியில் மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டம் மாறும். குண்டு நீக்கி, எளிதில் கையெட்டாத இடத்தில் பூட்டி வைத்திருந்தால் கடந்து செல்ல 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. வயோமிங்கை ஊடறுக்கும் 80ஆம் எண் நெடுஞ்சாலை, காற்றும் பனியும் மிஞ்சினால் மூடப்படும். மலைக்குள் கைபேசி எடுக்காது. எங்கே முகாம், எப்போது திரும்புவது, எந்த நேரம்வரை தகவல் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோடு போக வேண்டும்.

மலையில்

துப்பாக்கியோடு போகிறவர் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலுடையோ தொப்பியோ அணிவது வயோமிங்கில் கட்டாயம். மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக அது. மானின் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது.

மானிடம் ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வாடைதான். காலையில் வெயில் ஏற ஏறச் சரிவின் காற்று மேல்நோக்கிப் போகும். மாலையில் குளிர்ந்து கீழிறங்கும். விடியலில் உயரத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் சரிவுகளைத் துழாவி, மான் படுக்கும் நிழலைக் குறித்துக்கொண்டு, காற்று எதிரே வரும்படி சுற்றி நெருங்குவது வழக்கம்.

சுடுவதற்கு முன் சுமையின் கணக்கு. வளர்ந்த கடாவில் எலும்பு நீக்கிய கறி 25 முதல் 35 கிலோ தேறும். தண்ணீர், துப்பாக்கி, கொம்பு சேர்ந்தால் ஒரே நடையில் வருவது அரிது. இரண்டு நடைக்கு நேரமில்லாத தூரத்தில் நிற்கும் மானைத் தனியாள் விட்டுவிடத்தான் வேண்டும். உண்ணத் தகுந்த கறியை மலையில் விட்டுவருவது குற்றம்.

மான் விழுந்ததும் லைசென்ஸ் சீட்டில் தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டு உடலோடு சேர்க்க வேண்டும். தனியாட்கள் பலர் வயிற்றைத் திறப்பதில்லை. கிடந்தபடியே தோலுரித்து, கால்களையும் முதுகுச் சதையையும் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் நிழலில் தொங்கவிடுவார்கள். வடமேற்கு வயோமிங்கில் கிரிஸ்லி கரடிகள் உண்டு. அங்கே குனிந்து கறி அறுக்கும் தனியாளுக்கு முதுகுப்பக்கம் பார்க்க ஆளில்லை. கரடி விரட்டும் மிளகுத் தெளிப்பான் இடுப்பிலேயே இருக்க வேண்டும்.

திரும்பும் வழி

வழியில் வேட்டைச் சோதனைச் சாவடி இருந்தால் நின்றே ஆக வேண்டும். மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை எல்லை தாண்டிக் கொண்டுபோனால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்தியக் குற்றமாகிறது.

இன்னொரு கட்டுப்பாடு நோயால் வந்தது. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட நாட்பட்ட உடல்நலிவு நோய் மானின் மூளையைச் சிதைத்துக் கொல்லும். அதற்கு மருந்தில்லை. இதனால் பல மாநிலங்கள் மூளையையும் தண்டுவடத்தையும் எல்லைக்குள் விடுவதில்லை. எலும்பு நீக்கிய கறியையும், சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கொம்பையும் கொண்டுவரலாம். மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக உறுதிப்பட்டதில்லை. ஆனாலும் நோயுள்ள பகுதியில் சுட்ட மானின் நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுக்கவும், நோய் இருப்பது தெரிந்தால் அந்தக் கறியை உண்ணாமல் விடவும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவுறுத்துகிறது. முடிவு வரும்வரை கறியைத் தனியாகக் குறியிட்டு ஃப்ரீசரில் வைத்திருப்பது நல்லது.