ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணம்

வளைவில் திரும்பும்போது காருக்கு வரும் தொல்லை மாட்டுவண்டிக்கு இல்லை. அதன் இரண்டு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுழலும். கழன்றுவிடாமல் கடையாணி பார்த்துக்கொள்ளும். இழுப்பது மாடு என்பதால் வளைவில் எந்தச் சக்கரம் வேகமாக உருள வேண்டுமோ அது உருண்டுகொள்ளும். சக்கரத்தையே எஞ்சின் சுற்ற வேண்டும் என்று ஆனபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒரு காரின் பின்சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பி முடிப்பதற்குள் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிடச் சுமார் 2.36 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். திருப்பம் குறுகலாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டிவிட்டால் அந்தத் தூரத்தை ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்துதான் கழிக்க வேண்டும். ஒனேசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக 1828இல் காப்புரிமை பெற்ற டிஃபரன்ஷியல் இதற்கு விடை தந்தது. எஞ்சின் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அதனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் இருக்கும் சிறிய பல்சக்கரங்கள், இரண்டு ஆக்சில்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட இடம் கொடுக்கின்றன. இன்றும் நம் சாலைகளில் ஓடும் மிகப் பெரும்பாலான கார்களில் இருப்பது இதே அமைப்புதான்.

இதன் குறையைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் சக்தியை அனுப்புகிறது என்பார்கள். உண்மையில் அது முறுக்குவிசையை இரண்டு பக்கமும் சமமாகவே பிரிக்கிறது. அந்தச் சமத்துவமே வினையாகிறது. ஒரு சக்கரம் சேற்றில் இருக்கிறது, 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் சுழலத் தொடங்கிவிடும் என்றால், காய்ந்த தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே 100தான் கிடைக்கும். எஞ்சினில் எவ்வளவு வலு இருந்தாலும் பயனில்லை. 1930களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் 16 சிலிண்டர் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்வரைகூட ஒரு பின்சக்கரம் வீணே சுழன்று ரப்பரைக் கரைத்துக்கொண்டிருந்தது. போர்ஷே 1935இல் இசட்எஃப் நிறுவனத்திடம் இதற்கு ஒரு வழி கேட்டார். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களுக்கு இடையிலான வேக வித்தியாசத்தை ஓர் அளவுக்கு மேல் அனுமதிக்காத டிஃபரன்ஷியல், பந்தயக் களத்துக்கு வந்த கதை அது.

அதன் பிறகு பல வகைகள் வந்துவிட்டன. அவற்றை ஒப்பிடும்போது கார் ஆர்வலர்கள் வழக்கமாகக் கேட்பது, எது அதிகமாக இறுகும் என்பது. அந்தக் கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. எப்போது இறுகுகிறது, எப்போது விடுகிறது, முக்கியமாக ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் எது சாலைக்கு உரியது, எது பந்தயத்துக்கு உரியது என்று சொல்ல முடியும். இதற்கு வகைகளின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

இன்றுவரை பந்தயத்தில் அதிகம் விரும்பப்படுவது கிளட்ச் பிளேட் வகை. டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் இருபுறமும் உராய்வுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். நடுவிலுள்ள குறுக்கு ஊசி, இரண்டு அழுத்த வளையங்களில் வெட்டப்பட்ட சரிவான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் விசை கொடுத்ததும் ஊசி சரிவில் ஏறி வளையங்களை விலக்கும். அவை தகடுகளை நெருக்கும். இரண்டு ஆக்சில்களும் ஒன்றோடொன்று பிணைபடும். இதன் அருமை அந்தச் சரிவில் இருக்கிறது. 45 பாகைச் சரிவு வலுவாக நெருக்கும், 80 பாகைச் சரிவு லேசாகவே நெருக்கும், 90 பாகையில் நெருக்கமே இராது. பள்ளத்தின் ஒரு பக்கம் வேகமெடுக்கும்போதும் மறுபக்கம் எஞ்சின் வேகத்தைப் பிடித்து இழுக்கும்போதும் வேலை செய்வதால், இரண்டுக்கும் தனித்தனிக் கோணம் வெட்டலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறுகினால் டூ வே, முடுக்கும்போது மட்டும் இறுகினால் ஒன் வே, காலை எடுக்கும்போது கொஞ்சமாக இறுகினால் ஒன்றரை வே. இது தவிர, விசையே இல்லாதபோதும் தகடுகளை ஒரு ஸ்பிரிங் அழுத்தியபடி இருக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றதற்கு விசை போய்ச்சேர அந்த முன்னழுத்தம் வழிசெய்யும். விலை என்னவென்றால், தகடு தேயும், அதற்கென்று கலந்த எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், வாகன நிறுத்தத்தில் மெல்லத் திரும்பும்போது கடகடவென்று சத்தம் வரும். பிஎம்டபிள்யூ 1980களில் தன் முதல் எம்3 காரில் இந்த வகையை 25 சதவீத இறுக்கத்துடன் வைத்தது. மொத்த விசை 62.5க்கு 37.5 என்ற அளவுவரை பிரியலாம், அதற்கு மேல் சக்கரம் நழுவும் என்பது அதன் பொருள். பந்தயத்தில் வென்று பெயர் வாங்குவதற்கென்றே பிறந்த காருக்குத் தொழிற்சாலையில் வைத்த அளவு அவ்வளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958இல் காப்புரிமை பெற்ற டார்சென் வகையில் தகடே கிடையாது. டயர் மாற்றும்போது ஸ்க்ரூ ஜாக்கைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் கார் உயரும். காரின் முழு எடையும் அழுத்தினாலும் திருகு தானாகப் பின்னோக்கிச் சுழலாது. டார்செனின் திருகுப் பற்கள் இந்த இயல்பைப் பயன்படுத்துகின்றன. வளைவில் ஆக்சில்கள் மெல்ல வேறுபட்டுச் சுழலத் தடையில்லை. எஞ்சின் விசை ஏறினால் பற்கள் ஒன்றையொன்றும் கூட்டின் சுவரையும் அழுத்தி உராய்ந்து, பிடிமானம் உள்ள சக்கரத்தின் பக்கம் விசையைச் சாய்க்கின்றன. பிரிட்டனின் க்வைஃப் நிறுவனத்தின் சாய்வுப்பல் டிஃபரன்ஷியலும் இதே தத்துவத்தில் இயங்குவது. இவற்றுக்கு ஒரு பெருக்கல் எண் உண்டு. அது 2.5 என்றால், சேற்றிலுள்ள சக்கரம் 100 தாங்கும்போது மற்றதற்கு 250 கிடைக்கும். ஆனால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே. ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பினால், முன்னழுத்தம் சேர்க்கப்படாத டார்சென், சாதாரண டிஃபரன்ஷியல் போலவே கைவிரித்துவிடும். ராலி ஓட்டுநர்கள் அதை முழுதும் நம்பத் தயங்குவதற்கு இது போதும். சாலைக்கு அது பெரிய குறையாகாது. நம் சக்கரங்கள் தரையில்தான் இருக்கின்றன. தேய்மானம் மிகக் குறைவு, வழக்கமான கியர் எண்ணெய் போதும், சத்தமில்லை, காலை எடுத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும்.

விஸ்கஸ் வகையைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை. கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் தகடுகள் மிதக்கும். வேக வித்தியாசம் வந்தால் திரவம் எதிர்க்கும். சக்கரம் முதலில் வழுக்கி ஆக வேண்டும், பிறகுதான் பிடிக்கும். தாமதம் அதன் பிறவிக்குணம். ஆண்டுகள் போனால் திரவமும் களைத்துவிடும்.

பந்தயத்தில் வெல்வது கிளட்ச் பிளேட் என்றால் சாலைக் காருக்கும் அதுவே சிறந்ததாகாதா என்று கேட்கலாம். மழைச்சாலையை நினைத்துப் பாருங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள பின்சக்கர இயக்கக் கார் ஈரமான வளைவில் அதிகமாக முடுக்கப்பட்டால் உள் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலும். வெளிச் சக்கரம் மிச்சமிருக்கும் பிடியைக் கொண்டு காரைப் பக்கவாட்டில் தாங்கிக்கொண்டிருக்கும். வேகம் கிடைக்காது, ஆனால் கார் கையில் இருக்கும். இரண்டு சக்கரங்களும் பிணைபட்டிருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிடியை விடும். பின்பக்கம் வெளியே வீசும். குறையென்று நாம் சொன்னதே இங்கே ஒரு பாதுகாப்பு. காலை எடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. எடை முன்னோக்கிப் போய், பின்சக்கரங்கள் இலேசாகி, கார் நினைத்ததைவிட அதிகமாகத் திரும்பப் பார்க்கும். அப்போது டிஃபரன்ஷியல் சற்று இறுகினால் பின்பக்கம் அடங்கும். அதிகமாக இறுகினாலோ ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகும். இதமான இறுக்கத்துக்கும் இந்த முரண்டுக்கும் இடையே இருப்பது சில பாகைக் கோணமே. முன்சக்கர இயக்கக் காரில் வேறொரு சங்கடம்: இடவலமாக விசை மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் கையை இழுக்கும். 2002இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் க்வைஃப் டிஃபரன்ஷியலோடு வந்தது. மேடுபள்ளச் சாலையில் ஸ்டியரிங் இழுப்பதற்கும் பெயர் பெற்றது. 2009இல் 305 குதிரைத்திறனோடு அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்தபோது க்வைஃப் டிஃபரன்ஷியலை வைத்துக்கொண்டு, முன் சஸ்பென்ஷனின் அமைப்பையே மாற்றினார்கள். டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர்கள் இந்த உதாரணத்தை நினைவில் வைப்பது நல்லது.

பந்தயக் களத்தில் இந்தக் கவலைகளின் எடை மாறுகிறது. தடம் தெரியும், டயர் தெரியும், ஓட்டுநர் ஒரே வளைவை நூறு முறை எடுக்கிறார். பின்பக்கம் எந்த இடத்தில் அசையும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கேற்பச் சரிவுக் கோணத்தையும் தகடுகளின் அடுக்கு வரிசையையும் முன்னழுத்தத்தையும் மாற்றலாம். கழற்றிப் பார்க்க மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கிளட்ச் பிளேட் வகைக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு, அது அதிகம் இறுகுவதால் வருவதைவிட, விரும்பியபடி திருத்த முடிவதால் வருவது. உலக ராலிப் போட்டியின் விதிகள் இதற்குச் சான்று. கணினி இயக்கும் முன், பின் டிஃபரன்ஷியல்கள் 2006இல் தடைசெய்யப்பட்டன. இன்றுவரை அந்த இடத்தில் இயந்திர டிஃபரன்ஷியல்கள்தான். 2022இல் வந்த ராலி1 கார்களில், முன் பின் ஆக்சில்களுக்கு இடையே இருந்த நடு டிஃபரன்ஷியலையும் எடுத்துவிட்டார்கள். செலவைக் குறைக்கக் கொண்டுவந்த விதி, ஓட்டுநருக்கும் தகட்டுக்கும் நேரடி உறவை மீட்டுத் தந்தது. மறு எல்லையில் கோ-கார்ட் இருக்கிறது. அதில் டிஃபரன்ஷியலே கிடையாது, பின்சக்கரங்கள் ஒரே தண்டில் பூட்டியவை. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் சட்டகமே முறுக்கிக்கொண்டு உள் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். தூக்காவிட்டால் கார்ட் திரும்ப மறுக்கும். முழு இறுக்கத்துக்கு அங்கே கொடுக்கும் விலை அது.

இன்று இதற்கெல்லாம் என்ன தேவை, பிரேக்கையும் கணினியையும் கொண்டே செய்யலாமே என்பது வலுவான மறுப்பு. வழுக்கும் சக்கரத்தைப் பிரேக் போட்டுப் பிடித்தால் மற்றதற்கு விசை போகும். மாருதி ஜிம்னி செய்வது இதைத்தான். கணக்கைப் பார்த்தால் அதன் எல்லையும் தெரியும். சேற்றிலுள்ள சக்கரம் 100 தாங்குகிறது, பிரேக் 400 சேர்க்கிறது என்றால் நல்ல சக்கரத்துக்கு 500 கிடைக்கும். ஆனால் சுழலும் சக்கரத்தின் பக்கம் போகும் சக்தியில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிக் கரைகிறது. சேற்றிலிருந்து ஏறும் சில விநாடிகளுக்கு அது பொருட்டில்லை. அரைமணி நேரம் தடத்தில் ஓட்டினால் பிரேக் கொதிக்கும். மெக்லாரன் 2011இல் வந்த தன் சாலைக் காரில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைத் தவிர்த்து எடையைக் குறைக்க இந்த வழியையே தேர்ந்தெடுத்தது. எனவே இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பிரேக் முறையைத் தன் கோல்ஃப் ஜிடிஐயில் முன்பே வைத்திருந்த ஃபோக்ஸ்வேகனோ, 2013இல் அதன் கூடுதல் திறன் வடிவத்துக்குக் கணினி இயக்கும் கிளட்ச் டிஃபரன்ஷியலைக் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் சாலைக்கு இன்றைய தேதியில் மிகச் சரியான விடை இந்தக் கடைசி வகைதான். மழையில் தளரும், வேகத்தில் இறுகும், காலை எடுத்தால் அந்தக் கணத்துக்கு ஏற்ற அளவில் நிற்கும். விலையும் சிக்கலும் கட்டுப்படியாகாத காரில் சாய்வுப்பல் வகை போதும்.

மஹிந்திரா தார் ஓட்டுபவர்கள் தங்கள் பின் ஆக்சிலில் உள்ள ஈட்டன் நிறுவன டிஃபரன்ஷியலையும் லிமிடெட் ஸ்லிப் வகையில் சேர்ப்பதுண்டு. அது வேறு இனம். சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டதும் அது முற்றிலும் பூட்டிக்கொள்ளும்; குறைந்த வேகத்தில் மட்டும் வேலை செய்யும். பள்ளத்திலிருந்து ஏற அதைவிட நல்லது வேண்டாம். வளைவில் விரைவாகப் போக அது உதவாது, அதற்காகச் செய்யப்பட்டதுமில்லை. அன்றாடம் அலுவலகம் போய்வரும் ஹாட்ச்பேக்குக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. நல்ல டயருக்குக் கொடுக்கும் பணம் அங்கே அதிகம் உழைக்கும்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் 1989இல் அறிமுகமானது முதல் இந்த வகைகளில் பலவற்றைக் கடந்து வந்திருக்கிறது. முதலில் விஸ்கஸ், 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது டார்சென், பின்னர் கூம்பு வடிவ உராய்வுப் பரப்பு கொண்டவை. அதன் 2024ஆம் ஆண்டு வடிவத்தில் அந்தக் கூம்புகளோடு ஒரு கேம் அமைப்பைச் சேர்த்து, முடுக்கும்போதும் வேகம் குறையும்போதும் இறுக்கம் வேறுபடும்படி செய்தார்கள். இரண்டில் அதிக இறுக்கத்தை வைத்தது வேகம் குறையும் பக்கத்தில்: பிரேக் போட்டபடி வளைவுக்குள் நுழையும்போது, இலேசான பின்சக்கரங்கள் தரையைவிட்டு அலையாமல் இருப்பதற்காக.