மிளகாய் நெடிக்கும் இருமல், தண்ணீர் புரையேறினாலும் இருமல்: உள்ளே அலாரம் அடிப்பது யார்?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சி, மளிகைச் சந்தைக்குப் பேர்போன ஊர். மிளகு, சீரகம், சோம்பு, கடுகு என வருஷத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிப்போக வெளியூர் ஆட்களும் வருவார்கள். மூட்டையைக் கொட்டும்போது கிளம்பும் தூசியில் ஒரு தும்மல், வீட்டில் மிளகாய் வறுக்கும்போது ஒரு கமறல், கூடவே நாலு இருமல். இதெல்லாம் நமக்குப் பழகிப்போனதுதான்.

தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலும் இருமல்தான் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார். பார்க்க இரண்டும் ஒரே இருமல். ஆனால், உள்ளே தகவல் போகும் வழி வேறு வேறு.

மிளகாய்: நேரா நரம்புக்கே போகும் தகவல்

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உணர்வு நரம்புகளின் நுனிகள் பரவியிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை வேகஸ் நரம்பின் கிளைகள். மூளைத்தண்டையும் நுரையீரலையும் இணைக்கும் நேரடி லைன் இது.

இந்த நுனிகள் பலவற்றில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி இருக்கிறது. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் பட்டதும் இது திறந்துகொள்ளும். அதிகச் சூட்டையும் உணர்வது இதே ஏற்பிதான். காரம் சாப்பிட்டால் 'எரியுது' என்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். 1997இல் இதைக் கண்டறிந்தது அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு. 2021இல் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படாபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். மிளகில் இருக்கும் பைப்பரினும் இதே ஏற்பியைத் தூண்டக்கூடியது.

ஆக, நெடி விஷயத்தில் நடுவில் ஆள் தேவையில்லை. நரம்பே உணர்ந்து, நரம்பே தகவல் சொல்லிவிடும்.

தண்ணீர்: நடுவில் ஒரு வாட்ச்மேன்

புரையேறும்போது கதை கொஞ்சம் மாறுகிறது. சுவாசப் பாதையின் உட்சுவரில் நரம்பு நாளமில்லாச் செல்கள் என்ற ஒரு வகை உண்டு. உட்சுவர்ச் செல்களில் இவை 1 சதவீதத்துக்கும் குறைவு. பாதி நரம்பு மாதிரி, பாதி சுரப்பி மாதிரி வேலை பார்ப்பவை.

இவை என்ன செய்கின்றன என்பதை ஜூலியஸ் ஆய்வகம் எலிகளில் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டது. தண்ணீரோ அமிலமோ பட்டால் இந்தச் செல்கள் உணர்ந்துகொள்கின்றன. குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் இருப்பவை ஏடிபி என்ற மூலக்கூறை வெளியே விடுகின்றன. பள்ளிப் பாடத்தில் செல்லுக்கு ஆற்றல் தருவது என்று படித்தோமே, அதே ஏடிபிதான். இங்கே அது தூதுவன். பக்கத்து நரம்பு அதைப் பிடித்ததும், விழுங்கும் செயலும் காற்றை வெளியே தள்ளும் செயலும் தானாக நடக்கின்றன. நுரையீரலுக்குள் தண்ணீர் இறங்காமல் தப்பிக்கிறோம்.

வாட்ச்மேன் ஓவராகக் கத்தினால்?

பாதுகாப்புக்கான இந்த ஏற்பாடே சில நேரம் தொல்லையாகவும் மாறலாம். 2018இல் வந்த இன்னொரு எலி ஆய்வில், நுரையீரலில் இந்தச் செல்கள் இல்லாத எலிகளுக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவின் தாக்கம் குறைவாக இருந்தது. இந்தச் செல்கள் விடும் ரசாயனங்கள் நோய் எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடுவதும், சளி சுரப்பைக் கூட்டுவதும் அதில் தெரியவந்தது.

மாதக்கணக்கில் விடாத இருமலிலும் ஏடிபிக்குப் பங்கு உண்டு. அதைப் பிடிக்கும் நரம்பு ஏற்பியைத் தடுக்கும் ஜெஃபாபிக்சன்ட் என்ற மாத்திரைக்கு ஜப்பான் 2022இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2023இலும் அனுமதி கொடுத்தன. அமெரிக்கா இரண்டு முறை மறுத்துவிட்டது. இதன் முக்கியப் பக்கவிளைவு, நாக்கில் சுவை மாறிப்போவது. காரணம் சிம்பிள்: நாக்கின் சுவைச் செல்களும் நரம்புடன் பேசுவது ஏடிபி மூலம்தான்!

சரி, நாம் கவனிக்க வேண்டியது என்ன?

* இருமல் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

* சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* வயதானவர்களுக்கு அடிக்கடி புரையேறினால் அலட்சியம் வேண்டாம். உணவும் நீரும் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

* புரையேறியவரை நன்றாக இருமவிடுங்கள். தலையில் தட்டுவதால் அடைப்பு விலகாது. பேசவோ இருமவோ முடியாமல் திணறினால், அது அவசரநிலை. உடனே 108ஐ அழையுங்கள்.

யாரோ நம்மை நினைக்கிறார்களோ இல்லையோ, புரையேறும் அந்த நொடியில் நம்மைக் காப்பாற்றுவது நூற்றில் ஒன்றுகூட இல்லாத இந்தக் குட்டிச் செல்களின் கூட்டம்தான்.