பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று

நிலப் பத்திரத்தையும் ஞானஸ்நானச் சான்றிதழையும் பெட்டியில் வைத்துப் போற்றும் நம் குடும்பங்களில், பிள்ளையின் தடுப்பூசி அட்டை மட்டும் பள்ளியிற் சேர்த்ததும் காணாமற் போய்விடுகிறது. ஊசிகள் யாவும் முடிந்தன என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் அவ்வட்டை பதினாறு வயது வரை நீள்வது.

தொடக்கத்தில் நம் தாய்மார் குறை வைப்பதில்லை. பிறந்தவுடன் காசநோய்க்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ் பி ஊசி; பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களை ஒருங்கே தடுக்கும் பென்டாவேலன்ட். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. ஏன் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் என்று சிலர் வினவுவர். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் குழந்தையின் குருதியில் மிகுந்திருக்கும்வரை இம்மருந்து நன்கு பற்றாது. அதற்குமேல் தாமதித்தாலோ, குழந்தை காப்பின்றி நிற்கும். இதன் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள்.

2017ஆம் ஆண்டில் இவ்வூசி நம் மாநிலத்தில் பதினைந்து வயதிற்குட்பட்டோர்க்குப் போடப்பட்டபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளை நம்பி அஞ்சிய பெற்றோர் பலர். ஆண்பிள்ளைக்கு ரூபெல்லா ஊசி எதற்கு என்றும் கேட்டனர். அவனுக்கு இலேசான காய்ச்சலாய் வந்து போகும் அந்நோய், வீட்டிலுள்ள கர்ப்பிணிக்குத் தொற்றினால், வயிற்றிலிருக்கும் சிசுவின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் கெடுக்க வல்லது அன்றோ!

நாம் பெரிதும் கவலையுறுவது தொண்டை அடைப்பான் நோயைப் பற்றியே. தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைப்பதோடு, அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். சிறு வயதில் பெற்ற காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துவிடும். ஆகவேதான் ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் முத்தடுப்பு ஊசியும், 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசியும் வைத்திருக்கின்றனர். கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் 2016இல் இந்நோய் தலைதூக்கியபோது மாண்டவர்கள் கைக்குழந்தைகள் அல்லர், பள்ளிப் பருவத்தினர். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வினாத்தாள் தேடி அலையும் நாம், இந்த ஒரு ஊசிக்கு அரைநாள் ஒதுக்கலாகாதா?

பெண்மக்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 9 முதல் 14 வயதிற்குள் போட உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதைப் பேசக் கூசும் இல்லங்கள் உண்டு. மணவாழ்வுக்கு வெகு முன்னரே போட்டால்தான் முழுப் பயன் என்பதால், கூச்சம் வேண்டா, மருத்துவரைக் கேளுங்கள்.

தவணை தவறிவிட்டதே, முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என அஞ்ச வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலேசான சளி இருமலும் தடையன்று. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது அட்டையையும் பிள்ளையையும் உடன் கொண்டு செல்லுங்கள். அட்டை கிடைக்காவிடில் பிள்ளையையாவது.