ஃபிரேமை வெட்டலாமா? பழைய புல்லட்டும் ஒரு கிரைண்டரும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவர் கேட்டது இதுதான்: "ப்ரோ, யூட்யூப்ல ஒருத்தர் பழைய ஹோண்டா ஃபிரேமை வெட்டி, வெட்டின துண்டை போல்ட் போட்டு மாட்டுற மாதிரி மாத்தியிருக்கார். இப்போ என்ஜினை இறக்காமலேயே ஹெட்டைக் கழட்டிடுறார். எங்க அப்பாவோட காஸ்ட் அயர்ன் புல்லட்ல இதே வேலையைப் பண்ணலாமா? பட்டறைக்காரர் ரெடி, நீங்க என்ன சொல்றீங்க?"

வேண்டாம்னு சொல்றேன். ஆனா ஏன் வேண்டாம்ங்கிறதுல சுவாரசியமான விஷயம் நிறைய இருக்கு. அதுக்கு அந்த ஹோண்டாவிலிருந்து ஆரம்பிக்கணும்.

வீடியோவில் இருந்தது ஹோண்டா சிபி750. 1969-ல் வந்த நாலு சிலிண்டர் வண்டி. அதில் கேம்ஷாஃப்ட் மேலே, ஹெட்டுக்குள்ளேயே இருக்கு. அதனால என்ஜின் உயரம் அதிகம். ஹெட்டோட மேல் மூடிக்கு நேர் மேலே ஃபிரேமோட டியூப்கள் ஓடுது. மூடியைத் தூக்க இடம் இல்லை. விளைவு என்னன்னா, ஒரு ஹெட் கேஸ்கட் லீக் ஆனாக்கூட மொத்த என்ஜினையும் வெளியே எடுக்கணும். அது சுமார் 80 கிலோ. ஒரு ஆளை இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி, பக்கவாட்டில் சாய்ச்சு, ஒரு ஜன்னல் வழியா வெளியே எடுக்கிற மாதிரி. திரும்ப மாட்டும்போது ஃபிரேம் பெயின்ட் பூராவும் கீறல்.

அதனால அந்த வண்டியை அடிக்கடி திறக்கிறவங்க, குறிப்பா ரேஸுக்கு ட்யூன் பண்றவங்க, மேல் டியூபில் ஒரு துண்டை வெட்டி, கழற்றி மாட்டுற மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. அவங்க கணக்குல அது நியாயமான வேலைதான். ஹோண்டாவே பின்னாடி 1979-ல் விட்ட இரட்டை கேம்ஷாஃப்ட் நாலு சிலிண்டர் வண்டிகளில் வலது பக்கக் கீழ் டியூபை போல்ட்ல கழற்றுற மாதிரி கொடுத்துச்சு. ஆனா அது வரைபடத்திலேயே முடிவான விஷயம். எங்கே வெட்டு வரணும், அங்கே எவ்வளவு தடிமன் வேணும்னு கணக்குப் போட்டு செஞ்சது. முடிஞ்ச ஃபிரேமை எடுத்து நடுவில் கிரைண்டர் வைக்கிறது வேற கதை.

இப்போ புல்லட்டுக்கு வருவோம். வீட்டில் பழைய புல்லட் இருந்தா ஒரு வேலை பண்ணுங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, தரையில் படுத்து, என்ஜினுக்கு அடியில் பாருங்க. முன்னாடி கழுத்திலிருந்து ஒரே ஒரு டியூப் கீழே இறங்கும். அது என்ஜினோட முன்பக்கத் தகடு வரைக்கும் வந்து, அங்கேயே முடிஞ்சிடும். என்ஜினுக்குப் பின்னாடி இருந்துதான் ஃபிரேம் மறுபடியும் தொடங்குது. நடுவில் டியூபே கிடையாது. வெட்டணும்னு நீங்க நினைச்ச இடம் காலியா இருக்கு.

அப்போ முன்பாதியையும் பின்பாதியையும் கீழே சேர்த்துப் பிடிக்கிறது எது? என்ஜின்தான். கிராங்க்கேஸே அங்கே டியூப் வேலை பார்க்குது. பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும்போது வர்ற விசை, கழுத்து வழியா இறங்கி, என்ஜின் போல்ட்களைத் தாண்டி, அலுமினிய கிராங்க்கேஸ் வழியா பின்பக்கம் போகுது. இந்த யோசனையை உச்சத்துக்குக் கொண்டுபோனது இங்கிலாந்தின் வின்சென்ட். 1946-ல் வந்த அவங்க ராபிட் வண்டியில் கீழே ஃபிரேமே கிடையாது. மேலே ஆயில் டேங்க்கும் கீழே என்ஜினும் சேர்ந்ததுதான் ஃபிரேம்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா புல்லட் ஓட்டுறவங்க வழக்கமா விடுற ஒரு தப்பும் புரியும். என்ஜின் மவுன்ட் போல்ட் கொஞ்சம் லூஸா இருந்தா "அதிர்வுதானே"ன்னு விட்டுடுவோம். இந்த வண்டியில் அது அதிர்வு மட்டும் இல்லை, ஃபிரேமில் ஒரு மூட்டு கழண்டு நிக்கிற மாதிரி.

சரி, திறக்கிறதுக்கு வசதியா? ரொம்பவே. காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கேம்கள் கீழே டைமிங் பக்கம் இருக்கு. அங்கிருந்து புஷ்ராட் மேலே போய் வால்வைத் திறக்குது. அதனால ஹெட் குள்ளம். பெட்ரோல் டேங்க்கைக் கழட்டி, ஹெட்டை மேல் டியூபோட பிணைக்கிற அந்தச் சின்ன ஸ்டேயை எடுத்தீங்கன்னா, ஹெட், போர், பிஸ்டன் எல்லாம் என்ஜின் வண்டியில் இருக்கும்போதே வெளியே வரும். டாப்பெட் வலது பக்கம் ஒரு சின்ன மூடிக்குப் பின்னாடி. கிளட்ச்சும் பிரைமரி செயினும் இடது பக்கம். கியர்பாக்ஸ் தனி டப்பா, கிராங்க்கேஸுக்குப் பின்னாடி போல்ட் பண்ணினது. அதையும் அப்படியே திறக்கலாம். சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, 1940-களில் டிசைன் பண்ணின ஒரு வண்டி நம்ம ஆபீஸ் கோடை விட மாட்யூலர். (டீம்ல யாராவது கேட்டுட்டு இருந்தா, ஆமா, உங்களைத்தான்.)

என்ஜினைக் கண்டிப்பா இறக்க வேண்டிய பெரிய வேலை ஒன்றுதான்: கிராங்க். கனெக்டிங் ராட் பிக் எண்ட் போச்சு, மெயின் பேரிங் போச்சுன்னா கிராங்க்கேஸைப் பிளந்தாகணும். நல்லா ஆயில் மாத்திப் பார்த்துக்கிற வண்டிக்கு அது எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்? அதுக்காக ஃபிரேமை நிரந்தரமா மாத்தணுமா? இந்தக் கணக்கை முதல்ல போடுங்க.

போன மாசம் வேற வேலையா தூத்துக்குடி போயிருந்தேன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற வழியில் ஒரு பட்டறை. படகு என்ஜினும் பார்ப்பாங்க, புல்லட்டும் பார்ப்பாங்க. அங்கே இருந்த பெரியவர்கிட்ட, "அண்ணாச்சி, புல்லட் ஃபிரேமைக் கீழ வெட்டி போல்ட் போடலாமா?"ன்னு கேட்டேன். அவர் கையைத் துடைச்சுக்கிட்டே, "வெட்டுததுக்கு அங்க என்ன தம்பி இருக்கு?"ன்னார். நான் மேலே பத்து நிமிஷமா விளக்கினது அவருக்கு ஒரு வரி.

அவர் என்ஜின் இறக்குற முறை எனக்குப் பிடிச்சிருந்தது. முதல்ல ஆயிலை வடிச்சிடுறார். ஹெட், போர், கிளட்ச், பிரைமரி கேஸ் எல்லாத்தையும் வண்டியிலேயே கழட்டிடுறார். மிச்சம் இருக்கிறது கிராங்க்கேஸும் கியர்பாக்ஸும்தான். பாதி எடை போச்சு. அப்புறம் என்ஜினுக்கு அடியில் மீன் பெட்டியைக் கவிழ்த்து, அதுமேல பலகைத் துண்டுகளை அடுக்கி, கிராங்க்கேஸைத் தொடுற வரைக்கும் ஏத்துறார். ஃபிரேமோட முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனியா முட்டு. நடுவில் இருந்து தாங்கினதையே எடுக்கப் போறோம்ல, அதனால ஸ்டாண்டை மட்டும் நம்புறதில்லை. போல்ட்களை உருவினதும் என்ஜினை யாரும் தூக்கலை. ரெண்டு பேர் ஃபிரேமைத் தூக்கிப் பின்னாடி நகர்த்துனாங்க. என்ஜின் பெட்டி மேல அப்படியே உட்கார்ந்திருந்தது. "கனமானதை ஏன் தூக்கணும், லேசானதைத் தூக்குவோம்"னார்.

இதே தந்திரம் மூடின ஃபிரேம் வண்டிக்கும் வேலை செய்யும். என்ஜினை முழுசாச் சுத்தி வளைக்கிற ஃபிரேமைத் தொட்டில் ஃபிரேம்னு வெச்சுக்குவோம். சிபி750 அந்த வகை. 1983-ல் எஸ்கார்ட்ஸ் இங்கே கொண்டுவந்த ராஜ்தூத் 350-யும் அதே வகை. வண்டியைப் பழைய மெத்தை மேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, போல்ட்களை எடுத்து, என்ஜின் மேலிருந்து ஃபிரேமை உருவிடுறவங்க உலகம் பூரா இருக்காங்க. பெட்ரோல், ஆயில், பேட்டரி மூணும் முன்னாடியே வெளியே வந்திருக்கணும், அவ்வளவுதான். ராஜ்தூத் 350 டூ ஸ்ட்ரோக். ஹெட்டுல வால்வே இல்லை. சிலிண்டர் வேலைக்கு அதுக்கு இந்தச் சிரமம் கூட வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் "என்கிட்ட இருக்கிறது தொட்டில் ஃபிரேம், வருஷத்துக்கு நாலு தடவை திறக்கிறேன், வெட்டத்தான் போறேன்"னு யாராவது இருப்பீங்க. அவங்களுக்காகக் கொஞ்சம் பொறியியல். காலேஜ்ல படிச்சது எப்போவாவது உதவணும்ல.

ஒரு இரும்புப் பைப்பை ரெண்டு கல் மேல் வைத்து நடுவில் ஏறி நில்லுங்க. மேல் பக்கம் அமுங்கும், கீழ் பக்கம் இழுபடும். நடு அச்சுக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. அதனாலதான் உள்ளே வெறுமையா இருந்தாலும் டியூப் பலமா இருக்கு: சுமை முழுக்க வெளிச்சுவரில். நீங்க வெட்டுறது அந்தச் சுவரை. போல்ட் இணைப்பு அந்த வேலையைத் திரும்ப எடுத்துக்கணும்னா, ரெண்டு முனைக்குள்ளேயும் இறுக்கமா நுழையுற ஒரு உள்தண்டு வேணும். லேத்ல கடைஞ்சது, கையால் தள்ளினா சிரமப்பட்டு நுழையணும், ஆடவே கூடாது. அது எவ்வளவு நீளமா உள்ளே போகுதோ அவ்வளவு நல்லது. வெட்டு எப்பவும் நேரான பகுதியில் வரணும். வளைவு, மூட்டு, என்ஜின் மவுன்ட் பக்கத்தில் வரவே கூடாது. விசை குவியுற இடங்கள் அவை.

போல்ட் பத்தி ஒரு தவறான எண்ணம் பரவலா இருக்கு. போல்ட் குறுக்கே நின்னு தாங்குதுன்னு நினைக்கிறோம். நல்ல இணைப்பில் போல்ட் ரெண்டு பரப்பையும் அழுத்திப் பிடிக்குது. அந்த அழுத்தத்தால் வர்ற உராய்வுதான் நகராம வைக்குது. இறுக்கம் போனா உராய்வு போச்சு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் போல்ட் ஓட்டையில் இடிக்கும், ஓட்டை முட்டை வடிவமாகும். அதனால தலையில் 8.8-ன்னு குத்தியிருக்கிற போல்ட் குறைந்தபட்சம். அந்த 8-க்கு அர்த்தம், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரைக்கும் அறாது. புள்ளிக்கு அப்புறம் வர்ற 8, அதில் 80 சதவீதம் வரைக்கும் நிரந்தரமா நீளாது. கூடவே டார்க் ரெஞ்ச்.

வெல்டிங் சூடு ஆறும்போது உலோகம் சுருங்கும், சுருங்கும்போது டியூபை இழுக்கும். என்ஜினோ அதே அளவு காலி கிராங்க்கேஸோ மவுன்ட்ல இறுக்கி வைக்காம வெட்டி ஒட்டினா, ஆறின பிறகு போல்ட் ஓட்டைகள் ஒன்னுக்கொன்னு நேராக நிக்காது. வேலை ஈசியாகணும்னு ஆரம்பிச்சு, என்ஜினை சுத்தியலால் அடிச்சு ஏத்துற நிலைமை.

தூத்துக்குடிக்குன்னு இன்னொரு பிரச்சினை இருக்கு, அது உப்பு. ஊரைச் சுத்தி உப்பளம், ஒரு பக்கம் கடல். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா, படிஞ்சிருக்கிற உப்பு தானாகவே தண்ணியை இழுத்து நனையும். கடற்கரை ஊரில் ராத்திரிக்கு அது சாதாரணம். மழையே இல்லாம உங்க வண்டி தினமும் நனையுது. இந்த உப்புத்தண்ணி உள்தண்டுக்கும் டியூபுக்கும் இடையில் இருக்கிற மயிரிழை இடுக்கில் போய் உட்கார்ந்தா, உள்ளே ஆக்சிஜன் குறைவு, வெளியே அதிகம். அந்த வித்தியாசமே இடுக்குக்குள்ள இருக்கிற இரும்பை அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே சுவர் மெலிஞ்சிட்டே போகும். தொழிற்சாலையில் மூடி வந்த டியூபில் இல்லாத ஒரு வாசலை நாமே திறந்து விடுறோம்.

அடுத்து சட்டம். நான் வக்கீல் இல்லை. பொதுவில் இருக்கிறதைச் சொல்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சி-யில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், விதிக்குப் புறம்பா மாத்துற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை. விபத்து நடந்து இன்சூரன்ஸ் ஆள் வரும்போது வெட்டின ஃபிரேம் எப்படித் தெரியும்னு யோசிச்சுக்கோங்க.

அப்பாவோட புல்லட்டுக்கு இதைவிட முக்கியமானது 2021-ல் வந்த வின்டேஜ் விதி. 50 வருஷத்தைத் தாண்டின, அசல் வடிவத்திலேயே பராமரிக்கிற, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை வின்டேஜ்னு பதிவு பண்ணலாம். நம்பரில் 'விஏ'ன்னு வரும். சேசிஸில் கை வைக்கிறது அந்தப் பெரிய மாற்றத்துக்குள்ள வந்துடும். ஒரே ஒரு வெட்டு, அந்தக் கதவு மூடிடும். வின்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், சர்வீஸ் மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். அதனால ஆபீஸுக்குத் தினமும் புல்லட்ல போறவங்களுக்கு அது தேவைப்படாது. ஆனா அதை முடிவு பண்ற உரிமை உங்ககிட்ட இருக்கட்டும், கிரைண்டர்கிட்ட வேண்டாம்.

கடைசியா, பழைய வண்டி வாங்கப் போறவங்களுக்கு. முன்னாடி இருந்தவர் வெட்டியிருக்காரான்னு பார்க்கணும்னா, டேங்க்கைக் கழட்டச் சொல்லுங்க. டியூபை விரலால் சுத்தித் தடவிப் பாருங்க; வட்டமா ஒரு மேடோ பள்ளமோ தட்டுப்பட்டா அங்கே வெல்டிங் இருக்கு. ஒரு சின்ன காந்தத்தை ஓட்டுங்க, பிடி தளர்ற இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசியிருப்பாங்க. கழுத்தில் குத்தியிருக்கிற ஃபிரேம் நம்பரை ஆர்சி-யோட ஒத்துப் பாருங்க, அந்த இடத்தில் மட்டும் அரம் போட்ட அடையாளம் இருந்தா நகர்ந்துடுங்க. அப்புறம் பின்சக்கரத்தோட ரெண்டு பக்கமும் நூலை ஒட்டி இழுத்து முன்சக்கரம் வரைக்கும் கொண்டுபோங்க. ஹேண்டில்பாரை நேரா வெச்சிருக்கும்போது ரெண்டு பக்கமும் முன்டயருக்கும் நூலுக்கும் ஒரே இடைவெளி இருக்கணும். இல்லைன்னா விலை பேசாதீங்க, டீ மட்டும் குடிச்சிட்டு வந்துடுங்க.