பிரேக் ஷாட் வெற்றியைத் தீர்மானிக்கிறதா? பூல் புள்ளிவிவரங்கள் சொல்வதும் சொல்லாததும்

திருவனந்தபுரம்: திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் உள்ள கிரீன்ஃபீல்டு மைதானத்தில் 2017 நவம்பர் முதல் 2023 நவம்பர் வரை ஆடவருக்கான 6 சர்வதேசக் கிரிக்கெட் போட்டிகள் நடைபெற்றன. டாஸ் வென்ற அணி அவற்றில் 3 போட்டிகளில் வெற்றி பெற்றது. 3 போட்டிகளில் தோல்வியடைந்தது. 2018-ஆம் ஆண்டு டாஸ் வென்று பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்த மேற்கிந்தியத் தீவுகள் அணி 104 ரன்களில் சுருண்டது. 2023 ஜனவரியில் அதேபோல் டாஸ் வென்று முதலில் பேட்டிங் செய்த இந்திய அணி, இலங்கையை 317 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தியது.

மைதானமும் ஒன்று, எடுத்த முடிவும் ஒன்று; ஆனால் விளைவுகள் நேரெதிரானவை. இந்த 6 போட்டிகளைக் கொண்டு 'டாஸால் பயனே இல்லை' என்றோ, 'டாஸ்தான் எல்லாம்' என்றோ கூறிவிட முடியாது. தொழில்முறை பூல் விளையாட்டில் பிரேக் ஷாட் குறித்துத் திரட்டப்படும் புள்ளிவிவரங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆனால், ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. டாஸ் வெல்லும் அணிக்குக் கிடைப்பது தேர்வு செய்யும் உரிமை மட்டுமே. பிரேக் செய்யும் வீரருக்கோ ஆட்டத்தின் முதல் அடியே கிடைத்துவிடுகிறது. அந்த அடி சரியாக அமைந்தால், எதிராளி நாற்காலியை விட்டு எழாமலேயே அந்த ஆட்டம் முடிந்துவிடலாம்.

பிரேக் ஷாட் என்பது என்ன?

9 பந்து பூல் ஆட்டத்தில் 1 முதல் 9 வரை எண்ணிடப்பட்ட பந்துகள் வைர வடிவில் நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. முன்முனையில் 1-ஆம் எண் பந்தும், நடுவில் 9-ஆம் எண் பந்தும் இருக்கும். வெள்ளைப் பந்தால் இந்த அடுக்கைக் கலைக்கும் முதல் அடியே பிரேக் ஷாட். ஏதேனும் ஒரு பந்து குழியில் விழுந்தால் அதே வீரர் ஆட்டத்தைத் தொடரலாம். எதுவும் விழாவிட்டால் வாய்ப்பு எதிராளிக்குச் செல்லும். வெள்ளைப் பந்து குழியில் விழுந்துவிட்டால், எதிராளி அதனை மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். ஒவ்வொரு அடியிலும் மேசையில் உள்ள மிகக் குறைந்த எண் கொண்ட பந்தையே முதலில் தொட வேண்டும். 9-ஆம் எண் பந்தை விதிப்படி குழியில் இடுபவர் அந்த ஆட்டத்தை வெல்வார்.

கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதன்று. முதலில் காய்களைக் கலைக்கும் வீரர், அந்த முறையிலேயே தனது வெள்ளைக் காய்கள் அனைத்தையும் சிவப்புக் காயையும் குழியில் இட்டுவிட்டால், அது 'ஒயிட் ஸ்லாம்' எனப்படும். பூலில் இதற்கு இணையானது 'பிரேக் அண்ட் ரன்'.

அதேவேளையில், முதல் அடி எல்லா மேசை விளையாட்டுகளிலும் சாதகமானது என்று கருதிவிடக் கூடாது. 1882-ஆம் ஆண்டு உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஸ்னூக்கரில், முதல் அடி பெரும்பாலும் தற்காப்பு அடியாகவே ஆடப்படுகிறது. சிவப்புப் பந்துகளை அதிகம் சிதறடிக்காமல், வெள்ளைப் பந்தைப் பாதுகாப்பான இடத்திற்குத் திருப்பிக் கொண்டுவருவதே அங்கு நோக்கம்.

ஒரே எண் அல்ல

'பிரேக் வெற்றி விகிதம்' என்ற ஒரே பெயரில் பல்வேறு அளவீடுகள் கையாளப்படுகின்றன. பிரேக்கில் ஏதேனும் ஒரு பந்து விழுந்த விகிதம், வெள்ளைப் பந்து குழியில் விழுந்த விகிதம், பிரேக்குக்குப் பிறகு குறைந்த எண் பந்தை நேரடியாக அடிக்க வழி கிடைத்த விகிதம், எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஆட்டத்தை முடித்த விகிதம், பிரேக் செய்தவர் எப்படியேனும் அந்த ஆட்டத்தை வென்ற விகிதம் ஆகியன அவற்றுள் முக்கியமானவை.

முதல் மூன்றும் பிரேக் அடியின் தரத்தைக் காட்டுகின்றன. நான்காவதும் ஐந்தாவதும் பிரேக்குடன், அதற்குப் பிந்தைய ஆட்டத் திறனையும் சேர்த்தே அளக்கின்றன. பந்தை விழச் செய்தும் அடுத்த அடிக்கு வழியில்லாமல் தவிக்கும் வீரரின் பிரேக், முதல் அளவீட்டில் வெற்றியாகவே பதிவாகும். ஆகவே, எந்த எண் பேசப்படுகிறது என்பதை அறியாமல் இரு வீரர்களை ஒப்பிடுவது பொருளற்றது.

விதியே எண்ணை மாற்றும் விதம்

சில போட்டிகளில் ஆட்டத்தை வென்றவரே அடுத்த ஆட்டத்தில் பிரேக் செய்வார். வேறு சிலவற்றில் இருவரும் மாறி மாறி பிரேக் செய்வார்கள். இந்த விதியைக் கவனிக்காவிட்டால் புள்ளிவிவரம் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். யார் பிரேக் செய்தாலும், முதல் வீரர் 70 சதவீத ஆட்டங்களை வெல்கிறார் என்று கொள்வோம். அதாவது, பிரேக்கால் எவருக்கும் எந்தப் பலனும் இல்லை. வென்றவரே பிரேக் செய்யும் முறையில், காலப்போக்கில் 70 சதவீத பிரேக்குகள் வலுவான வீரருக்கும், 30 சதவீதம் மற்றவருக்கும் கிடைக்கும். வலுவானவர் தம் பிரேக்குகளில் 70 சதவீதத்தையும், மற்றவர் தம் பிரேக்குகளில் 30 சதவீதத்தையும் வெல்வார்கள். 49 சதவீதமும் 9 சதவீதமும் சேர்ந்து, 'பிரேக் செய்தவர் வென்ற ஆட்டங்கள் 58 சதவீதம்' என்று பதிவேடு காட்டும். பலனே இல்லாத பிரேக், பலன் தருவதுபோலத் தோற்றமளிக்கும். மாறி மாறி பிரேக் செய்யும் முறையிலோ இதே இரு வீரர்களின் எண் சரியாக 50 சதவீதமாக இருக்கும்.

எனவே, வென்றவர் பிரேக் செய்யும் போட்டித் தொடரின் எண்ணிக்கையைக் கொண்டு 'பிரேக் மிகவும் சாதகமானது' என்று முடிவுசெய்து விதிகளைத் திருத்துவது, இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பதாக அமையக்கூடும்.

20 பிரேக்கும் 400 பிரேக்கும்

ஒரு வீரர் ஒரு போட்டித் தொடரில் 20 முறை பிரேக் செய்து 12 முறை பந்தை விழச் செய்தால், அவரது விகிதம் 60 சதவீதம். ஆனால், அவரது உண்மையான திறன் ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் விடை. அதே 60 சதவீதம் 400 பிரேக்குகளில் கிடைத்திருந்தால், இந்த எல்லை 55 முதல் 65 சதவீதமாகச் சுருங்கும். ஒரு வார இறுதிப் போட்டியின் அட்டவணையில் முதலிடம் பெற்ற 'பிரேக் மன்னர்' உண்மையிலேயே சிறந்தவராக இருக்கலாம், அதிர்ஷ்டசாலியாகவும் இருக்கலாம்.

10 லட்சம் டாலர் கணக்கு

இத்தகைய மதிப்பீடு பிசகினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு 1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த போட்டித் தொடர் சான்றாக உள்ளது. பிரேக் செய்து, எதிராளிக்கு வாய்ப்பளிக்காமல் தொடர்ந்து 10 ஆட்டங்களை வெல்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என அறிவிக்கப்பட்டிருந்தது. அப்பரிசுத் தொகைக்குக் காப்பீடும் செய்யப்பட்டிருந்தது. அமெரிக்க வீரர் எர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் தொடர்ந்து 11 ஆட்டங்களை அவ்வாறு வென்றார். பரிசுத் தொகை தொடர்பாக எழுந்த பிரச்சினை இறுதியில் உடன்பாட்டின் மூலம் தீர்க்கப்பட்டது.

ஒரு வீரர் ஓர் ஆட்டத்தைப் பிரேக்கில் தொடங்கி அப்படியே முடிக்கும் வாய்ப்பு 30 சதவீதம் என்றால், அடுத்தடுத்து 10 ஆட்டங்களை முடிக்கும் வாய்ப்பு சுமார் 1.69 லட்சத்தில் ஒன்று. அந்த வாய்ப்பு 50 சதவீதம் என்றால் 1,024-இல் ஒன்று. 60 சதவீதம் என்றால் 165-இல் ஒன்று. ஓர் ஆட்டத்திற்கான வாய்ப்பு இரு மடங்கானால், 10 ஆட்டங்களுக்கான வாய்ப்பு 1,024 மடங்காகிறது. பல வீரர்கள் பல ஆட்டங்களில் முயலும்போது அது மேலும் கூடும். பந்துகள் நன்கு விழும் மேசையில், நல்ல ஆட்டத்தில் இருக்கும் ஒரு வீரருக்குப் பொதுவான சராசரியைப் பொருத்திப் பார்ப்பது எத்துணை ஆபத்தானது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

அடுக்கும் முறையின் பங்கு

பிரேக்கின் பலன் வீரரின் தோள்வலிமையை மட்டும் சார்ந்ததன்று. பந்துகள் ஒன்றையொன்று இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருந்தால், அடுக்கின் பக்கவாட்டில் உள்ள ஓரப் பந்து ஏறத்தாழ ஒரே பாதையில் மூலைக் குழியை நோக்கிச் செல்லும். 2001-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் 9 பந்துப் போட்டியில் கோரி டியூயல் இதனைத் திறம்படப் பயன்படுத்தினார். முழு வேகத்தில் அடிப்பதற்குப் பதிலாக மென்மையாக பிரேக் செய்து, பந்துகள் எங்கு நிற்கும் என்பதையும் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். இறுதிப்போட்டியில் பின்லாந்தின் மிகா இம்மோனனை 11-0 என்ற கணக்கில் வீழ்த்தினார்.

பின்னர், மென்மையான பிரேக்கைத் தடுக்கும் விதிகள் பல போட்டிகளில் இடம்பெற்றன. குறைந்தது மூன்று பந்துகள் குழியில் விழவோ, மேசையின் மறுபுறக் கோட்டைக் கடக்கவோ வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மற்றொன்று, மேசையில் குறிக்கப்பட்ட புள்ளியில் 1-ஆம் எண் பந்துக்குப் பதிலாக 9-ஆம் எண் பந்தை வைக்கும் முறை. இதனால் முழு அடுக்கும் பிரேக் செய்பவரை நோக்கிச் சுமார் 10 சென்டிமீட்டர் நகர்கிறது. ஓரப் பந்து பழைய பாதையில் குழியை அடைவது கடினமாகிறது. ஆகையால், இவ்விதி மாறுவதற்கு முன்னும் பின்னும் பதிவான விகிதங்களை ஒரே பட்டியலில் சேர்ப்பது சரியன்று.

மாறி மாறியா, வென்றவருக்கா?

வென்றவரே பிரேக் செய்தால் வலுவான வீரர் எளிதில் ஓடிவிடுவார், மாறி மாறி செய்வதே நியாயம் என்பது பரவலான கருத்து. ஆனால், கணிதம் வேறு விடை தருகிறது. முதலில் 9 ஆட்டங்களை வெல்பவரே வெற்றியாளர் என்ற போட்டியில் அதிகபட்சம் 17 ஆட்டங்கள் நடைபெறும். மாறி மாறி செய்தால், முதலில் தொடங்குபவருக்கு அதிகபட்சம் 9 பிரேக்குகளும் மற்றவருக்கு 8 பிரேக்குகளும் கிடைக்கும். வென்றவர் பிரேக் செய்யும் முறையிலும் இதே உச்சவரம்புதான். தொடங்குபவருக்கு முதல் பிரேக்குடன், ஒவ்வொரு வெற்றிக்கும் ஒன்று கிடைக்கும். ஆனால் 9-ஆவது வெற்றியுடன் போட்டியே முடிந்துவிடும். மற்றவருக்கோ முதல் 8 வெற்றிகளுக்கு மட்டுமே பிரேக் உண்டு.

எனவே, ஒவ்வொரு ஆட்டத்தின் வாய்ப்பும் முந்தைய முடிவால் மாறாது என்ற நிபந்தனையின்கீழ், இரு முறைகளிலும் போட்டியை வெல்லும் வாய்ப்பு ஒன்றே. மாறுவது பிரேக்குகளின் வரிசை மட்டுமே. அதனால் ஸ்கோரின் தோற்றம் மாறும். ஒரு பக்கம் தொடர் வெற்றிகள் குவியலாம். நீண்ட நேரம் நாற்காலியில் காத்திருக்கும் வீரரின் கை தளர்ந்துவிடக் கூடும் என்பது உண்மையே. அது அந்நிபந்தனை நடைமுறையில் உடையும் இடம். அதனைத் தனியாக அளந்தே நிறுவ வேண்டும்.

போட்டியின் நீளமே உண்மையில் பிரேக்கின் செல்வாக்கைக் குறைக்கிறது. சம வலிமை கொண்ட இருவரில், பிரேக் செய்பவர் 60 சதவீத ஆட்டங்களை வெல்கிறார் என்று கொள்வோம். ஒரே ஆட்டம் கொண்ட போட்டியில் முதலில் தொடங்குபவரின் வெற்றி வாய்ப்பு 60 சதவீதம். 2 ஆட்டங்களை முதலில் வெல்ல வேண்டிய போட்டியில் அது 55.2 சதவீதமாகவும், 9 ஆட்டங்களுக்கான போட்டியில் சுமார் 52 சதவீதமாகவும் குறைகிறது.

உள்ளூர் மன்றங்களில் நேரமின்மையால் குறுகிய போட்டிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. முதல் பிரேக்கால் ஏற்படும் ஏற்றத்தாழ்வைக் குறைக்க விரும்புவோர், பிரேக் வரிசையை மாற்றுவதைவிட ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பயனளிக்கும். பதிவேட்டில் ஒவ்வொரு ஆட்டத்திற்கும் பிரேக் செய்தவர் யார், பந்து விழுந்ததா, அடுத்த அடிக்கு வழி இருந்ததா, வென்றவர் யார், எந்த அடுக்கு முறை என்ற 5 விவரங்களைக் குறித்துவைத்தால், விவாதத்தை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவர முடியும்.