களம் ஒன்று, பிரிவு இரண்டு

நுழையும்முன்

விளையாட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டிகள் நடத்துவது உலக வழக்கம். ஆனால், போட்டி நடைபெறும் களமும் தனித்தனியாகத்தான் இருக்கவேண்டுமா? உயரத்திலிருந்து தாவுதல், பேரலையில் சறுக்குதல், மிகுவேகத்தில் வண்டி ஓட்டுதல் முதலிய சாகச விளையாட்டுகளில் இவ்வினா இன்றும் எழுப்பப்படுகிறது. வடசென்னையின் விளையாட்டு மரபிலிருந்து தொடங்கி, உலக அரங்கில் நிகழ்ந்த மாற்றங்களின் வழியே இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

இயந்திரங்களின் பிறப்பிடம்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கடலோரப் பகுதி, துறைமுகத்தாலும் தொழிற்சாலைகளாலும் உருப்பெற்றது. 1946ஆம் ஆண்டு திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் எம்.ஆர்.எஃப். என்னும் டயர் நிறுவனமாக வளர்ந்தது. அதே திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் மோட்டார் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, எண்ணூரில் கனரக வாகனங்களை உருவாக்கியது.

வாகனங்கள் பிறந்த நிலத்திற்கு அருகிலேயே வேகப் பந்தயமும் வேரூன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோழவரத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம், போருக்குப்பின் மோட்டார் பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயத் தடம் அமைந்தது. நீண்டகாலம் இத்தகைய களங்களில் பெண்கள் பார்வையாளர்களாகவே இருந்தனர். ஓட்டுநர் இருக்கையில் அவர்கள் அமர்ந்தபோது, எந்தத் தடத்தில் அவர்கள் ஓட்டவேண்டும் என்ற வினாவும் உடன் எழுந்தது.

இருவகைப் பிரிவினைகள்

இவ்வினாவிற்கு விடை காணுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பெண்களைப் பெண்களோடும் ஆண்களை ஆண்களோடும் போட்டியிடச் செய்வது வகைப்பிரிவு. பெண்களுக்கெனக் குறுகிய தொலைவையோ, தாழ்ந்த உயரத்தையோ, எளிய தடத்தையோ ஒதுக்குவது களப்பிரிவு. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆயினும் இவற்றின் நோக்கமும் விளைவும் வேறுவேறானவை.

வடசென்னைத் தெருக்களில் வேரூன்றிய கேரம் ஆட்டம் இதற்குத் தக்க சான்றாகும். வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008ஆம் ஆண்டு மகளிர் பிரிவில் உலக வாகையர் ஆனார். புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். இருவரும் வென்றது மகளிர் பிரிவில்தான். எனினும் அவர்கள் ஆடிய பலகை, ஆண்கள் ஆடும் அதே 74 சென்டிமீட்டர் சதுரப் பலகையே. காய்கள் பத்தொன்பதும் அவையே. குழிகள் நான்கும் அவையே. ஆகவே, பிரிவு வேறாக இருந்தும் களம் ஒன்றாக இருக்கமுடியும். அக்களத்தில் பெறும் வெற்றியின் மதிப்பை எவரும் குறைத்துப் பேச இயலாது.

அளவறிந்து செய்யும் மாற்றம்

ஆண், பெண் உடலமைப்பில் வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பருவமடைந்தபின் ஆண்களின் தசைத்திரளும் சராசரி உயரமும் மிகுகின்றன. வலிமையும் வேகமும் வெற்றியைத் தீர்மானிக்கும் விளையாட்டுகளில் வகைப்பிரிவு இல்லையெனில், திறன்மிக்க பெண்கள் பலர் இறுதிச்சுற்றையே எட்டமாட்டார்கள். எனவே, வகைப்பிரிவு பெண்களுக்கு வாய்ப்பளிக்கும் ஏற்பாடாக அமைகிறது.

கருவிகளிலும் தடைகளிலும் அளவு மாறுவதுண்டு. ஆண்கள் எறியும் குண்டின் எடை 7.26 கிலோகிராம், பெண்கள் எறிவது 4 கிலோகிராம். 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் ஆண்களுக்குரிய தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர், பெண்களுக்குரியது 76.2 சென்டிமீட்டர். ஆனால், ஓடவேண்டிய தொலைவும் தாண்டவேண்டிய நீர்த்தடையும் இருவருக்கும் பொதுவானவை. இங்கு உடலின் உயரத்திற்கு ஏற்பத் தடையின் உயரம் மட்டுமே மாறுகிறது. போட்டியின் கடுமை குறைவதில்லை.

இவ்வகை மாற்றம் அளந்து அறிந்த காரணத்தின்மேல் நிற்கிறது. அளவின்றி, அச்சத்தின் பேரில் செய்யப்படும் மாற்றமே ஆராயத்தக்கது.

பாதுகாப்பு என்னும் பெயரில்

1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்றனர். இறுதிப்போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் இலக்கை அடைந்தனர். ஆயினும் ஓட்டத்தின் முடிவில் வீராங்கனையர் களைத்து வீழ்ந்ததாகச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. அதன்பின் 800 மீட்டர் ஓட்டம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 1960இல்தான் அது ஒலிம்பிக்கிற்குத் திரும்பியது. பெண்களுக்கான மாரத்தான் 1984ஆம் ஆண்டிலும், 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டம் 2008ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. ஓடி முடித்த ஆண்கள் களைத்து விழுந்தால் அது மனவுறுதிக்குச் சான்றாகப் போற்றப்பட்டது. பெண்கள் களைத்தால் அது இயலாமைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

பனிமலைச் சரிவிலிருந்து காற்றில் தாவும் ஸ்கை தாண்டல், 1924ஆம் ஆண்டின் முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு நடத்தப்பட்டது. இவ்விளையாட்டு பெண்களின் உடலுக்கு ஏற்றதன்று என்று நிருவாகிகள் நெடுங்காலம் கூறிவந்தனர். 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கிற்காகக் கட்டப்பட்ட தாவுமேடையில், அந்த ஒலிம்பிக்கிற்கு முன்பே அமெரிக்காவின் லிண்ட்சி வான் என்னும் வீராங்கனை ஆண், பெண் இருபாலரையும் விஞ்சிய தொலைவைத் தாண்டியிருந்தார். எனினும் அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் தாண்டுவதற்கு இடமளிக்கப்படவில்லை. 2014இல் வாய்ப்புக் கிடைத்தபோதும் சிறிய மேடை மட்டுமே வழங்கப்பட்டது. பெரிய மேடை 2026ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குத் திறந்தது.

அலைச்சறுக்கின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. தஹிட்டித் தீவின் தெயாஹூபோ கடற்கரையில், ஆழமற்ற பவளப்பாறைமீது மிகக் கனத்த அலைகள் உடைகின்றன. உலகின் அச்சமூட்டும் அலைகளுள் ஒன்று என அது பெயர்பெற்றது. 2006க்குப் பின் பெண்களுக்கான உலகத் தொடர்ப்போட்டி அங்கு நடத்தப்படாமல் நின்றது. ஆண்களின் போட்டி தொடர்ந்தது. 2022இல் பெண்கள் மீண்டும் அந்த அலைக்குத் திரும்பினர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி அதே இடத்தில் இருபாலருக்கும் நடைபெற்றது.

இங்கு ஒரு சுழல் புலப்படுகிறது. கடினமான களம் மறுக்கப்படுவதால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாததால் தேர்ச்சி குறைகிறது. தேர்ச்சி குறைந்ததைக் காட்டி மீண்டும் களம் மறுக்கப்படுகிறது. விளைவையே காரணமாக்கும் இத்தகைய வாதம் பாதுகாப்புக்குரிய வாதமாகாது. பவளப்பாறை ஆணின் உடலையும் பெண்ணின் உடலையும் ஒன்றாகவே கிழிக்கும். இடர் மிகுதி எனில், மீட்புப் படகும் தலைக்கவசமும் மருத்துவக் குழுவும் இருபாலருக்கும் வேண்டும்.

வேகத்தடத்தில் பெண்கள்

மோட்டார் பந்தயத்தில் பெரும்பகுதி வலிமையை இயந்திரம் தருகிறது. வளைவில் எப்போது வேகத்தைக் குறைப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது, எப்போது மீண்டும் முடுக்குவது என்னும் கணிப்பே ஓட்டுபவரின் கலை. பிரான்சின் மிஷெல் மூட்டோன் 1982ஆம் ஆண்டு உலக ராலித் தொடரில் ஆண்களோடு போட்டியிட்டு மூன்று பந்தயங்களை வென்று, ஆண்டின் இறுதியில் இரண்டாமிடம் பெற்றார். ஜெர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட் 2001ஆம் ஆண்டு டாக்கர் ராலியின் கார் பிரிவில் முதலிடம் பெற்றார். இவர்களுக்கென மணல்மேடுகள் தாழ்த்தப்படவில்லை, பாதையும் சுருக்கப்படவில்லை.

அவ்வாறாயின், மோட்டார் பந்தயத்தில் மகளிர் பிரிவே தேவையில்லை எனலாமா? ஸ்பெயின் நாட்டின் அனா கராஸ்கோவின் வாழ்க்கை இதற்கு நுட்பமான விடை தருகிறது. அவர் 2018ஆம் ஆண்டு ஆண்களும் பங்கேற்ற சூப்பர்ஸ்போர்ட் 300 பிரிவில் உலக வாகையர் பட்டம் வென்றார். மோட்டார் சைக்கிள் சாலைப்பந்தயத்தில் தனி ஓட்டுநராக உலகப் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. 2024ஆம் ஆண்டு பெண்களுக்கென உலகத் தொடர் ஒன்று தொடங்கப்பட்டபோது, அதன் முதல் பட்டத்தையும் அவரே வென்றார். ஆண்கள் ஓட்டும் பன்னாட்டுத் தடங்களிலேயே அத்தொடர் நடைபெற்றது. பொதுப்பிரிவில் வெல்லும் ஆற்றல் உடையவரும் மகளிர் பிரிவில் ஓட்டலாம். அதனால் தடம் சிறுத்துவிடுவதில்லை.

இந்தியச் சூழலும் இத்திசையிலேயே நகர்கிறது. பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019ஆம் ஆண்டு பாஹா உலகக் கோப்பையில் மகளிர் பிரிவில் முதலிடம் பெற்றார். ஆண்கள் கடந்த அதே பாலைநிலப் பாதைகளையே அவரும் கடந்தார். சென்னையின் அலிஷா அப்துல்லா, பைக், கார் ஆகிய இரண்டிலும் ஆண்களோடு ஒரே தடத்தில் பந்தயம் ஓட்டியவர். பின்னர்ப் பெண்களுக்கெனப் பயிற்சிக்கூடம் அமைத்தார். இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் பெண்களுக்கான தனிப்பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. அங்கும் வளைவுகள் அவையே, நேர்ப்பாதையும் அதுவே.

வளையம் ஒன்று, நேரமும் ஒன்று

வடசென்னையின் மற்றொரு பெருமை குத்துச்சண்டை. பரம்பரைகளின் பெயரால் மோதிய ஆங்கிலக் குத்துச்சண்டை மரபு இம்மண்ணுக்கு உரியது. அதில் நெடுங்காலம் பெண்களுக்கு இடமில்லை. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதில் மேரி கோம் 51 கிலோகிராம் எடைப்பிரிவில் வெண்கலம் வென்றார். அப்போது ஆண்களுக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று. பெண்களுக்கு இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு. பின்னர் விதி திருத்தப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இருபாலரும் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்றில் மோதினர். எடைப்பிரிவு நீங்கவில்லை, மகளிர் பிரிவும் நீங்கவில்லை. காரணமற்ற நேர வேறுபாடு மட்டும் நீங்கியது.

மூன்று உரைகற்கள்

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று உரைகற்களைப் பெறலாம். முதலாவது, வேறுபாட்டிற்கு அளந்தறிந்த காரணம் உண்டா என்பது. குண்டின் எடைக்கு அது உண்டு; தாவுமேடையை மறுத்ததற்கு அது இல்லை. இரண்டாவது, இடர் உண்மையெனில் அதனைக் குறைக்கும் முயற்சி இருபாலருக்கும் பொதுவாக மேற்கொள்ளப்படுகிறதா என்பது. மூன்றாவது, முடிவெடுக்கும் அவையில் அந்த விளையாட்டை ஆடும் பெண்களின் குரல் ஒலிக்கிறதா என்பது. கடினமான தடம் வேண்டாம் என வீராங்கனையரே ஒருநாள் கூறலாம். கடல் கொந்தளிக்கும் நாளில் ஆண்களும் அவ்வாறு கூறுவதுண்டு. தேர்ந்தவர் எடுக்கும் முடிவு வேறு. அவருக்காகப் பிறர் எடுக்கும் முடிவு வேறு.

இவற்றோடு வாய்ப்பு என்னும் அடித்தளமும் தேவை. பந்தய வண்டி, பாதுகாப்பு உடை, தடத்தில் பயிற்சி பெறும் நேரம் ஆகிய அனைத்தும் பெருஞ்செலவு பிடிப்பவை. தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணுக்கு இவை எளிதில் எட்டுவதில்லை. தடம் பொது என அறிவித்துவிட்டுப் பயிற்சிக்கு வழி செய்யாவிடில், அந்தச் சமத்துவம் ஏட்டளவில் நின்றுவிடும். கேரம் பலகையும் பயிற்சிக்கூடமும் தெருமுனையில் கிடைத்ததாலேயே வடசென்னையிலிருந்து உலக வாகையர் உருவாயினர். மற்ற விளையாட்டுகளும் அவ்வாறு அருகில் வந்தால், திருவொற்றியூரில் செய்யப்படும் டயர்களின்மேல் அவ்வூர்ப் பெண்களும் பந்தயம் ஓட்டுவர். அவர்களுக்குத் தனிப்பிரிவு துணை செய்யும். தாழ்த்தப்பட்ட தடம் துணை செய்யாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர்க்கும் மாணவியர்க்கும் தொலைவு, கருவி, நேரம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடுக. அவற்றுள் எவை அளந்தறிந்த காரணம் உடையவை எனக் குழுவாகக் கலந்துரையாடுக.

2. ‘சாகச விளையாட்டுகளில் பெண்களுக்குத் தனித்தடம் தேவை’ என்னும் தலைப்பில் ஏற்றும் மறுத்தும் பேசும் சொற்போர் ஒன்றினை வகுப்பறையில் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரில் விளையாட்டில் சிறந்து விளங்கும் பெண் ஒருவரைச் சந்தித்து, அவர் பயிற்சி பெற்ற சூழல் குறித்து நேர்காணல் எழுதுக.