ஒரு பானை, ரெண்டு குழம்பு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனா லாவாவுக்கு இது செல்லாதுங்க. நான் சொல்றது 2018-ல் ஹவாயில் வெடித்த கிலாவேயா எரிமலை. மே மாதத் தொடக்கத்தில் வந்த லாவா கெட்டியா, மெதுவா நகர்ந்துச்சு. பல வருஷமா நிலத்தடியில் தேங்கி, ஆறி, படிகம் கட்டிய பழைய மாக்மா அது. பின்னாலேயே சூடான புது மாக்மா வந்து அதோடு கலந்துச்சு. பழைய படிகங்களையும் வாரிக்கிட்டு வந்துச்சு.

கல்லை மொத்தமா அரைச்சுச் சோதிச்சா, எங்கேயோ வளர்ந்த படிகங்களும் கணக்கில் சேர்ந்துடும். அதனால படிகத்தைத் தனியா, சட்டுனு ஆறிக் கண்ணாடியான திரவத்தைத் தனியா ஆராயணும்.

இதெல்லாம் எதுக்கு? புது மாக்மா இளகலானது, வேகமா ஓடும். அந்த வெடிப்பில் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிஞ்சுது. வர்றது எந்தக் குழம்புன்னு முன்னாடியே தெரிஞ்சா, ஜனங்க வெளியேற நேரம் கிடைக்கும்.